29,500 ரூபாய்க்கு வாங்கிய ‘பிரீமியம்’: பம்பலப்பிட்டியில் நான் ஏமாந்த விதம்

பிள்ளைக்குப் பிளேஸ்டேஷன் சந்தா வாங்கக் கொழும்புக் காலி வீதிப் பக்கம் புறப்பட்டிருக்கும் அப்பாமாருக்கும் மாமாமாருக்கும் இதை எழுதுகிறேன். காசை எண்ணிக் கொடுக்கும் முன் வாசித்துவிட்டுப் போங்கள்.

என் தொழில் கணக்குப் பார்ப்பது. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக மற்றவர்களின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டி, “இதில் திகதி எங்கே, இது எதற்கான செலவு?” என்று குடைந்து கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான் கடந்த ஏப்ரலில், “பிளஸ் 1 வருடம் 29,500” என்று மட்டும் பேனையால் கிறுக்கிய ஒரு துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இலாபம் பார்த்துவிட்ட முகத்தோடு பஸ் ஏறினேன். மனைவி இன்றுவரை அந்தத் துண்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து எடுக்கவிடவில்லை.

மகனுக்குப் பதினான்கு வயது. வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுப் பெட்டி. அவன் விளையாடுவது இரண்டே இரண்டு. பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு ஃபோர்ட்நைட். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணனின் மகனோடு ஈஏ நிறுவனத்தின் கால்பந்து. இங்கே சனிக்கிழமை காலை ஆறு மணி என்றால் அங்கே வெள்ளி இரவு எட்டரை. பரீட்சைக்குக்கூட அந்த நேரத்தில் எழும்பாத பிள்ளை, அதற்கு மட்டும் தானாக எழுந்து பல் துலக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கால்பந்தை இணையத்தில் இன்னொருவரோடு ஆடச் சந்தா வேண்டும் என்றான். சரி என்று புறப்பட்டேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பகுதியில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் அங்கே நிறையப் பேர். கண்ணாடியில் “பிரீமியம் ஒரு வருடம்” என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போய், மகன் என்ன விளையாடுகிறான் என்று நான் சொல்லத் தொடங்கும் முன்பே கடையில் நின்ற தம்பி தொடங்கிவிட்டார்.

“அண்ணை, மூன்று வகை இருக்கிறது. எசென்ஷியல் ஒன்றுக்கும் உதவாது. எக்ஸ்ட்ரா பரவாயில்லை. எடுத்தால் பிரீமியம் எடுங்கள். பழைய விளையாட்டுகள் எல்லாம் வரும், பதிவிறக்காமலே ஓடும்.”

பழைய விளையாட்டு என்றதும் நான் விழுந்தேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் விளையாட விடும் கடையொன்று அந்தக் காலத்தில் இருந்தது. டியூசன் காசில் நான் எத்தனை நாள் டெக்கன் என்ற சண்டை விளையாட்டை விளையாடியிருக்கிறேன் என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஞாபகத்தில், நான் விளையாடிய விளையாட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. மகனுக்கு வாங்கப் போனவன் எனக்காக வாங்கினேன். கடைக்காரர்கள் முகம் பார்த்து விற்கிறவர்கள்.

இன்றைக்கு எனக்குத் தெரிந்ததை அன்றைக்குத் தெரிந்திருந்தால் படியிலேயே திரும்பியிருப்பேன். 2022 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். அடிப்படி எசென்ஷியல்: இணையத்தில் மற்றவர்களோடு விளையாடும் அனுமதி, மாதந்தோறும் சில விளையாட்டுகள், சேமிப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் வசதி. நடுப்படி எக்ஸ்ட்ரா: இவற்றோடு நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் கொண்ட ஒரு நூலகம். மேல்படி பிரீமியம்: அதற்கும் மேலே பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகள், புதியவற்றைச் சில மணி நேரம் ஆடிப்பார்க்கும் வசதி, இறக்காமல் இணையத்தின் வழியாகவே ஓடவிடும் வசதி. அதாவது ஸ்காபரோப் பையனோடு கால்பந்து ஆட அடிப்படியே போதும். ஃபோர்ட்நைட்டுக்கு அதுவும் வேண்டாம், இலவச விளையாட்டுகளை இணையத்தில் ஆடச் சந்தாவே தேவையில்லை. “ஒன்றுக்கும் உதவாது” என்று அந்தத் தம்பி தள்ளிவிட்டதுதான் என் வீட்டுக்குத் தேவையான ஒரே சாமான்.

இறக்காமல் ஓடுவது என்ற கதை இன்னும் அழகு. அந்த வசதி சில நாடுகளில் மட்டும்தான் தரப்படுகிறது, இலங்கை அவற்றில் இல்லை. வெள்ளவத்தையில் கண்ணாடியிழை இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதில் பயனில்லை. இந்தியா போன்ற, அந்த வசதி இல்லாத நாடுகளில் மேல்படியைச் சற்றுக் குறைந்த விலைக்கு டீலக்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். என் திரையிலும் டீலக்ஸ் என்றுதான் வந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தம்பி, “அது பிரீமியத்தை விட மேல், அண்ணை” என்றார். நான் தலையாட்டினேன். கணக்காளர்!

விலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் வருடச் சந்தாவின் விலை 2023 செப்டெம்பரில் எசென்ஷியல் 79.99 டொலர், எக்ஸ்ட்ரா 134.99, பிரீமியம் 159.99 என்று ஏறியது. டொலரை 300 ரூபாயாக வைத்தால் பிரீமியம் கிட்டத்தட்ட 48,000. எனக்கு 29,500க்குக் கிடைத்தது. பதினெட்டாயிரத்துச் சொச்சம் எங்கே போயிற்று என்று அலுவலகத்தில் என்றால் கேட்டிருப்பேன். கடையில் கேட்கவில்லை. எசென்ஷியலை முறையாக வாங்கியிருந்தால் 24,000 ரூபாய்தான்.

போன இடம் இதுதான். மகனின் கணக்கு அமெரிக்கக் கணக்கு. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், இங்கே எல்லோரும் வேறொரு நாட்டைக் காட்டித்தான் கணக்கு வைத்திருக்கிறோம். ஒருமுறை காட்டிய நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அதைச் சொல்லித்தான் கடைக்காரர் என்னைப் பிடித்தார். “இந்த விலை அமெரிக்கக் கணக்குக்கு வராது, நான் வேறு கணக்கொன்று போட்டுத் தருகிறேன், மகன் தன் பெயரிலேயே விளையாடலாம்” என்றார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு பழத்தின் பெயரும் நான்கு இலக்கங்களும் சேர்ந்த ஒரு கணக்கை ஏற்றினார். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தன. “கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் உத்தரவாதம் இல்லை” என்றார். இந்த வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த நிமிடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் காசில் வாங்கிய சந்தா அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. ஆறு மணிக்கு மகன் என் அறைக் கதவைத் தட்டினான். “அப்பா, பூட்டு விழுந்திருக்கிறது.” வீட்டுக் கதவுதான் என்று நினைத்து எழுந்து ஓடினேன். திரையில் விளையாட்டுப் படங்கள் வரிசையாக நிற்கின்றன, நூலகத்திலிருந்து இறக்கியவை ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. கால்பந்து மட்டும் எங்கள் சொந்த வட்டு, அதில் பூட்டு இல்லை. ஆனால் இணையத்தில் ஆடப்போனால் சந்தா எடு என்கிறது. போனில் ஸ்காபரோப் பையன், “எங்கே நிற்கிறாய், எங்கே நிற்கிறாய்” என்று செய்தி போட்டபடி இருந்தான். மகன் ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியின் வயரைச் சுற்றி வைத்தான்.

கடைக்காரர் முதல் நாள் “சிஸ்டம் அப்டேட், இரண்டு நாள் பொறுங்கள்” என்றார். பிறகு வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரியடையாளம். ஐந்தாம் நாள் நேரில் போனேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞன் என்னைப் போலவே கோபத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் போனைத் திருப்பிக் காட்டியபோது பார்த்தேன்: அதே பழம், அதே நான்கு இலக்கங்கள். தெஹிவளையில் இருக்கும் அவன் வீட்டுப் பெட்டியிலும் என் மகனின் ‘சொந்தச்’ சந்தா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதன் சூத்திரத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பிளேஸ்டேஷன் 5இல் ஒரு கணக்கின் சந்தாவை அந்தப் பெட்டியில் உள்ள மற்றவர்களும் அனுபவிக்கும்படி பகிரலாம். குடும்பத்துக்காகச் செய்த வசதி அது. ஆனால் ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு பெட்டியில்தான் அந்தப் பகிர்வு இயங்கும். புதிதாக வந்தவரின் பெட்டியில் அதை இயக்கினால் பழையவரின் பெட்டியில் தானாக நின்றுவிடும். ஒரே சந்தாவை ஏப்ரலில் எனக்கும் ஓகஸ்டில் இன்னொருவருக்கும் விற்க அவருக்கு ஒரு பொத்தான் போதும். என் பெட்டியைத் தொடக்கூட வேண்டாம். சேமிப்புகளை இணையத்தில் வைக்கும் வசதி சந்தா எடுத்த கணக்குக்கு மட்டும்தான் என்பதால், நான்கு மாதமும் மகனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

“இன்னும் எட்டாயிரம் தாருங்கள், வேறு கணக்குப் போட்டு விடுகிறேன்” என்றார் கடைக்காரர், ஏதோ எனக்கு உதவி செய்வதுபோல. அந்த முகத்தை நான் இலகுவில் மறக்கமாட்டேன். பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் கடையின் பெயரே இல்லை என்பதை அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், எழுத்திலும் முறையிடலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்குப் பூட்டு விழுந்தது நான்காம் மாதம். தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. முதலில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, என்ன விளையாடுகிறாய், யாரோடு விளையாடுகிறாய் என்று கேளுங்கள். இலவச விளையாட்டு மட்டும் என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதரோடு ஆட என்றால் எசென்ஷியல். மாதத்துக்கு ஒரு புது விளையாட்டை முடித்துத் தள்ளுகிற பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா நியாயம்தான், ஆனால் சந்தா நின்றதும் அந்த நூலகம் முழுக்கப் பூட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் கீழ்ப்படியிலேயே தொடங்குங்கள். எஞ்சிய நாட்களுக்கான வித்தியாசத்தைக் கட்டி எப்போதும் மேலே ஏறலாம். கீழே இறங்குவதென்றால் அடுத்த புதுப்பிப்பு நாள்வரை காத்திருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் சந்தா வாங்காதீர்கள். பிள்ளையின் கணக்கு எந்த நாடோ அந்த நாட்டுப் பரிசு அட்டையை வாங்கி, அதன் பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டை நீங்களே பிள்ளையின் கணக்கில் அடித்து, வகையை நீங்களே தெரிவு செய்யுங்கள். வேறு நாட்டு அட்டை ஏறாது. ஏற்றிய பிறகு பிள்ளையின் கணக்கில் சந்தாப் பகுதியைத் திறந்து, வகையும் முடியும் திகதியும் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். என் மகனின் கணக்கில் அந்தப் பகுதி நான்கு மாதமும் வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது. ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் ஏப்ரலிலேயே பிடிபட்டிருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சான் இதில் தடுமாறியதால் சொல்கிறேன். 2025 ஒக்டோபரிலிருந்து எக்ஸ்பொக்ஸின் சந்தாவான கேம் பாஸின் வகைகளும் எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மாறிவிட்டன. அங்கே பிரீமியம் நடுப்படி, பிளேஸ்டேஷனில் அதே சொல் உச்சிப்படி. அந்த மாற்றத்தின்போது அமெரிக்காவில் அல்டிமேட் மாதம் 29.99 டொலராக இருந்தது. பெயரை மட்டும் கேட்டு விலை பேசினால் இரண்டு பக்கமும் அடிபடும்.

மகனுக்கு இப்போது பரிசு அட்டை ஒன்றில் ஒரு மாத எசென்ஷியல் போட்டிருக்கிறேன், அவன் பெயரிலேயே. டிசம்பர் விடுமுறைக்கு இன்னொன்று. மற்ற மாதங்களில் ஃபோர்ட்நைட் போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

அந்தக் கடைக் கண்ணாடியில் விலை இப்போது 27,500. உங்கள் பெட்டியிலும் ஒரு பழத்தின் பெயரில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், வாங்கிய திகதியை இன்றைக்கே பாருங்கள். உங்களுக்கு மூன்று மாதம் இன்னும் முடியாமல் இருக்கலாம். தெஹிவளைப் பையனின் முறைப்பாட்டுக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன், உங்களுடையதையும் எழுதித் தருகிறேன். அவன் புத்திசாலி, கடையின் முத்திரை குத்திய பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தான்.