கைமாறி வந்த ஒட்டு ரோஜாக்களும் அவற்றின் காட்டு வேரும்

பெரியம்மா வளர்த்த ரோஜாச் செடிகள் என் பொறுப்புக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எல்லாமே ஒட்டுச் செடிகள். பெயர் அட்டை ஒன்றிலும் இல்லை. பழைய புகைப்படங்களில் மஞ்சள், ஆரஞ்சு, அடர் சிவப்பு என்று பாத்தி நிறையப் பூ தெரிகிறது. என்னிடம் வந்தபோது பாதிச் செடிகளில் கொத்துக் கொத்தாக ஒரே மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. அதுவும் வருடத்துக்கு ஒரு முறைதான். பார்த்தவர்கள் எல்லாம் "செடிக்கு வயசாயிடுச்சு, நிறம் மாறிடுச்சு" என்றார்கள். ரோஜா அப்படியெல்லாம் நிறம் மாறாது. மேலே ஒட்டியிருந்த செடி செத்துக்கொண்டிருந்தது. கீழே இருந்த செடி பூத்துக்கொண்டிருந்தது.

ஒட்டு ரோஜா வாங்கும்போது நம் கைக்கு வருவது இரண்டு செடி. வலுவான ஒரு காட்டு ரகத்தின் பட்டையை 'டி' வடிவில் கீறி, நமக்குப் பிடித்த ரகத்தின் ஒரே ஒரு துளிர் மொட்டை (பூ மொட்டு அல்ல) அதில் செருகிக் கட்டுகிறார்கள். மொட்டு பிடித்துக்கொண்டதும் காட்டுச் செடியின் தலையை வெட்டிவிடுகிறார்கள். தலை போனாலும் அந்த வேருக்குத் தன் குணம் மறப்பதில்லை. கொஞ்சம் இடம் கிடைத்தால் தன் கிளையைத்தான் விடும்.

வேர்ச்செடி, அதாவது கீழே இருக்கும் அந்தக் காட்டுச் செடி, எதுவென்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அதன் பூவே காட்டிக்கொடுக்கும். சின்ன வெள்ளைக் கொத்து என்றால் பெரும்பாலும் மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா. வாங்கிய நிறம் போய், வருடத்துக்கு ஒரு முறை மட்டும் அடர் சிவப்பில் பூத்தால் அது 'டாக்டர் ஹ்யூயி'யாக இருக்க வாய்ப்பு அதிகம். 1920-இல் வெளிவந்த இந்தக் கொடி ரோஜா, அமெரிக்காவில் வேர்ச்செடியாகத்தான் பிழைத்திருக்கிறது. வெளிர் இளஞ்சிவப்பில் ஐந்து இதழ் மட்டும் இருந்தால் ஐரோப்பாவின் காட்டு ரோஜாவான கனைனா. என்னிடம் இருப்பது மல்டிஃப்ளோரா என்பதைப் பூவுக்குக் காத்திருக்காமலே சொல்லிவிடலாம். இலைக்காம்பின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய இலையடிச் செதில் ஒன்று இருக்கும். மல்டிஃப்ளோராவில் அதன் ஓரம் சீப்புப் பற்கள் போலப் பிரிந்து நிற்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண் தானாக அங்கேதான் போகும்.

ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று ஒரு கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. அதை நம்பிக் கத்தரியை எடுக்காதீர்கள். நல்ல ரகங்கள் பலவற்றில் ஒரே கிளையில் ஐந்தும் ஏழும் கலந்து வரும். கிளை எங்கே புறப்படுகிறது என்பது மட்டுமே உறுதியான அடையாளம். ஒட்டுப் போட்ட முண்டுக்கு மேலே என்றால் நம்முடையது. கீழே என்றால் காட்டுடையது.

அதைப் பார்க்க மண்ணை விலக்கத்தான் வேண்டும். மண்வெட்டி கூடாது, கைதான். வேரில் காயம் பட்டால் அந்த இடத்திலிருந்தே புதிய காட்டுக் கிளை கிளம்பும். கிளையைப் பிடித்துக்கொண்டே கீழே போனால், ஒரு பருத்த வேரிலோ ஒட்டுக்கு அடியில் உள்ள கட்டையிலோ அது சேரும் இடம் வரும். அங்கே கட்டை விரலை வைத்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பட்டையின் சின்னக் குதிகாலோடு பிய்ந்து வர வேண்டும். அந்தக் குதிகாலில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மண் மட்டத்தில் வெட்டிவிட்டால் அவை அப்படியே தங்கி, ஒன்று போன இடத்தில் நாலைந்தாகக் கிளம்பும். இளசாக இருக்கும்போது பிய்ப்பது சுலபம். விரல் தடிமனுக்கு முற்றிவிட்டால் பிய்க்க வராது. கூர்மையான கத்தியால் அடிக்கட்டையோடு ஒட்டச் சீவிவிட்டு, பிறகு வரும் துளிர்களை வாரம் ஒரு தடவை விரலால் தேய்த்துவிட வேண்டும். களைக்கொல்லியைக் காட்டுக் கிளையில் தடவலாமே என்று கேட்கிறார்கள். கூடாது. மருந்து இறங்குவது இரண்டு செடிக்கும் பொதுவான வேருக்கு.

நீண்ட காலப் பலன் என்ன? ஒட்டின் மேல் பகுதி ஓரளவு தெம்பாக இருந்த செடிகளில் இரண்டு பருவத்தில் காட்டுக் கிளைகள் வெகுவாகக் குறைந்தன. மேல் பகுதி நலிந்து ஒற்றைக் கொம்பாக நின்ற செடிகளில் இது ஓயாத வேலை. வேருக்குச் சாப்பாடு அனுப்ப மேலே இலை போதாதபோது அது தன் கிளையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். மேல் பகுதி முழுக்கக் காய்ந்துவிட்டால் எந்த உரமும் அதைத் திருப்பித் தராது. வேரில் அந்த ரகமே இல்லையே, எங்கிருந்து வரும்?

அடுத்தது மஞ்சள் இலை. துளிர் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்கு எட்டாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். மல்டிஃப்ளோரா வேருக்குக் கார மண் ஒத்துவராது. டாக்டர் ஹ்யூயி அதைத் தாங்கிக்கொள்ளும். ரோஜாவுக்கு வசதியான கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை. என் பாத்தி அதற்கு நன்றாகவே மேலே இருந்தது.

இதில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றை ஒப்பிட்டுச் சொல்கிறேன். ஃபெரஸ் சல்பேட் விலை குறைவு, ஆனால் கார மண்ணில் விழுந்த வேகத்தில் கரையாத வடிவுக்கு மாறிவிடுகிறது. பலன் ஏறக்குறைய இல்லை. இடிடிஏ வகைக் கீலேட் இரும்பும் (கரையாத வடிவுக்கு மாறாதபடி ஒரு சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு) கார மண்ணில் நிலைக்காது, இலைவழி தெளிக்க மட்டும் சரி. இடிடிஹெச்ஏ வகைதான் வேலை செய்தது. அடர் சிவப்புத் தூள், கையில் பட்டால் கறை. ஊற்றிய சில வாரங்களில் புதுத் துளிர் பச்சையாக வந்தது, பழைய மஞ்சள் இலை அப்படியேதான் உதிர்ந்தது. அடுத்த பருவம் மறுபடி ஊற்ற வேண்டும். கந்தகம் மெதுவாக மண்ணை மாற்றும், ஆனால் சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் அது கடலில் கரைத்த பெருங்காயம்தான். பாசன நீரே காரமாக இருந்தால் இந்தச் செலவு முடியவே முடியாது.

ஒரு செடியில் ஒட்டு முண்டைச் சுற்றிச் சொரசொரப்பான கட்டிகள் இருந்தன. முதலில் பழைய ஒட்டின் தழும்பு என்றே தோன்றும். தழும்பு கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். இது நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது. கழலை நோய். அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா காயத்தின் வழியே நுழைந்து இதை உண்டாக்குகிறது, மருந்து கிடையாது. அந்தச் செடியை வேர் மண்ணோடு எடுத்துவிட்டேன். அதிலிருந்து குச்சி எடுக்கவில்லை. கவாத்துக் கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டால் துடைக்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

இலையில் மஞ்சள் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடினால் பயப்பட வேண்டாம். அது மொசைக் வைரஸ். பெரும்பாலும் ஒட்டுக் கட்டும் நாளிலேயே, நோயுள்ள வேரிலிருந்தோ மொட்டிலிருந்தோ வந்துவிடுவது. கத்தரியால் பக்கத்துச் செடிக்குப் பரவுவதில்லை. பூத்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வயதான ஒட்டு முண்டு மரமாக இறுகி, அடியிலிருந்து புதுக் கொம்பு விடுவதை நிறுத்திவிடும். மண்ணை விலக்கி, காய்ந்த பட்டையைக் கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்து, வெயில் படவிட்டால் துளிர்க்கும் என்பார்கள். சிலவற்றில் துளிர்த்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இதற்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். அதைவிட நல்ல பலன் கிடைத்தது மண் அணைத்ததில். ஒட்டுக்கு மேலே உள்ள தண்டின் பட்டையைக் கொஞ்சம் சீவி, அதை மூடும் அளவுக்கு மட்கு கலந்த மண்ணைக் குவித்தேன். மேல் ரகம் தன் சொந்த வேரை விட ஆரம்பித்தது. குளிர்ப் பகுதிகளில் ஒட்டை மண்ணுக்கு 5 செ.மீ. கீழே வைத்து நடுவதில் இந்த நன்மையும் சேர்ந்தே இருக்கிறது. நீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, தண்டு அழுகிவிடும்.

என் கருத்து என்னவென்றால், இப்படிக் கைமாறி வந்த செடிகளில் வைத்தியம் இரண்டாவது. முதலில் குச்சி எடுத்து வைக்க வேண்டும். பூ உதிர்ந்த கிளையில் பென்சில் தடிமனில் 15 முதல் 20 செ.மீ. நீளக் குச்சி, கணுவுக்குக் கீழே வெட்டு, மேலே இரண்டு இலை, அடியில் வேர் ஊக்கி, ஈரம் காக்க ஒரு மூடி. நேரடி வெயில் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் வேர் விட்டுவிடும். சிவப்பும் ஆரஞ்சும் எனக்கு இப்படித்தான் சொந்த வேரில் நிற்கின்றன. முதல் வருடம் சோம்பலான வளர்ச்சி, அப்புறம் குறையில்லை. இனி அடியிலிருந்து எது வந்தாலும் அதே பூதான் என்பது பெரிய நிம்மதி.

மஞ்சள் மட்டும் பிடிவாதம் பிடித்தது. மஞ்சள் ரகங்கள் பலவும் குச்சியில் வேர் விடத் தயங்கும். சரி, அதற்கு வேறு வழி எடுத்தேன். பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த மல்டிஃப்ளோரா கிளைகளே குச்சியில் வெகு சுலபமாக வேர் விடுகின்றன. 1866-இல் ஜப்பானிலிருந்து வேர்ச்செடியாக அமெரிக்காவுக்குப் போய், அங்கே களையாகப் பரவிய செடி அது. வேர் விடச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக் கணுக்களில் உள்ள மொட்டுகளைத் தோண்டி எடுத்துவிட்டு நட்டேன். அந்த மொட்டுகளை எடுக்காமல் நட்டால் நாளைக்கு மறுபடி காட்டுக் கிளைதான். சாறு ஓடிப் பட்டை எளிதாகப் பிரியும் பருவத்தில், மஞ்சளின் மொட்டை அதில் கட்டினேன். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்திருந்தால் அடுத்த பக்கம் கீறி இன்னொன்று. அந்த மஞ்சள் இப்போது கார மண் இல்லாத தொட்டியில் பூக்கிறது. கீலேட் செலவும் மிச்சம்.

புதுச் செடிகளைப் பழைய குழியிலேயே நட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் ரோஜா நின்ற மண்ணில் புது ரோஜா தேறாமல் குன்றிப்போவது உண்டு. வேறு இடம் பாருங்கள். இடமில்லை என்றால் 45 செ.மீ. அகலமும் அதே ஆழமும் தோண்டி, ரோஜா வளராத பாத்தியிலிருந்து மண்ணை மாற்றிவிட்டு நடுங்கள். எடுத்த மண்ணைக் கொட்ட வேண்டாம், மற்றச் செடிகளுக்கு அது நல்ல மண்தான்.