68,500 ரூபாய் போச்சு: பச்சை டிக்கை நம்பிப் பைசா கொடுத்துடாதீங்க

இன்னைக்கு மத்தியானம்தான் கடைசியா ஒரு தடவை போன் பண்ணினேன். "அக்கா, அந்தப் பையன் இப்பம் எங்ககிட்ட வேலை பாக்கல, புது ஆள் பழையதை எடுத்துச் செய்யணும்னா 15,000 ஆகும்"னு சொல்லி வச்சுட்டாங்க. கடைக் கணக்கை எல்லாம் தானா ஒரே இடத்துல சேத்துத் தர்றோம்னு 68,500 ரூபாய் வாங்கின சாஃப்ட்வேர் ஆபீஸ்காரங்க சொன்ன பதில் இது. கை நடுங்குது, இருந்தாலும் இப்பமே எழுதிடறேன். எனக்கு நடந்தது நம்ம பக்கத்துல இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது.

மார்த்தாண்டம் பக்கம் சின்னதா கடை வச்சிருக்கேன். தேன், கிராம்பு, நல்லமிளகு, ஏத்தங்காய் சிப்ஸ். வீட்டுக்காரர் மஸ்கட்ல. இந்த வருஷம்தான் வெப்சைட் போட்டேன். கடை பில்லு ஒரு சாஃப்ட்வேர்ல, வெப்சைட் ஆர்டர் இன்னொரு இடத்துல, வாட்ஸ்அப் ஆர்டர் கூகுள் ஷீட்ல. ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து மூணையும் நோட்டுல ஏத்துவேன். இந்த மூணையும் ஒரே இடத்துல சேத்துத் தர ஆள் இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. நாகர்கோவில்ல ஒரு சாஃப்ட்வேர் சர்வீஸ் ஆபீஸ். பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார், அதனால போடல.

ஓணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு தம்பி நேர்ல வந்தான். நல்ல பேச்சு. கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். லேப்டாப்பைக் கல்லாப்பெட்டி மேலயே வச்சு, எல்லாத்தையும் செட் பண்ணுற ஒரு அட்மின் பேனலைத் திறந்தான். 'சோர்ஸ்'னு, கணக்கு எங்கிருந்து வரணும்னு சொல்ற இடத்துல வெப்சைட்டு, பில்லிங், ஷீட்டு மூணையும் சேத்தான். 'டெஸ்டினேஷன்'ல, அதெல்லாம் போய்ச் சேருற ஒரு டேட்டாபேஸைக் காட்டினான். நடுவுல 'கனெக்ஷன்'. "மணிக்கு ஒரு தடவை அதுவே போய் எடுத்துட்டு வந்துரும்க்கா"ன்னு சொல்லி ஒரு பட்டனை அமுக்கினான். ஒரு நிமிஷம் சுத்திச்சு. மூணு வரிக்குப் பக்கத்துலயும் பச்சை டிக் வந்துச்சு. அன்னைக்குக் காலையில எனக்க கையால பில்லு போட்ட ரெண்டு பாட்டில் தேன், அந்தத் திரையில கணக்கா நின்னுச்சு.

அந்த நிமிஷத்துல நான் விழுந்துட்டேன். எத்தனை வருஷமா ராத்திரி ராத்திரியா எழுதின நோட்டை மூடிடலாம்னு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. "இனி நீங்க ஒரு எண்ணு கூட தட்ட வேண்டாம்க்கா"ன்னான். வெப்சைட் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டான், கொடுத்தேன். ஏபிஐ கீன்னு, வெப்சைட் கணக்கை இன்னொரு சாஃப்ட்வேர் எடுக்க விடுற சாவி மாதிரி ஒண்ணு, அதையும் அவனே எடுத்துப் போட்டுக்கிட்டான். அக்கவுன்ட்டை எனக்க மெயில்லதான் திறக்குறியான்னு கேட்கணும்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்லை.

செட்டப்புக்கு 45,000. அந்த பேனலுக்கு ஒரு வருஷ லைசென்ஸ்னு சொல்லி மறுநாள் 23,500. ஆக மொத்தம் 68,500. சீட்டு எடுத்த பைசா அது.

முதல் வாரம் வெப்சைட் வியாபாரம் திரையில ஏறிக்கிட்டே போச்சு. புது வெப்சைட்டு, அதுல எவ்வளவு போகும்னு எனக்கு அனுபவம் கிடையாது. கடை வியாபாரம்னா கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன். ஓணம் நேரம், கேரளத்துல இருந்து ஆர்டர் வருதுன்னு நம்பினேன். நம்பி ஏத்தங்குலை கூடுதலா எறக்கினேன், சிப்ஸ் போடுற மாஸ்டருக்கு ரெண்டு நாள் கூடுதல் கூலி கொடுத்தேன். தேங்காய் எண்ணெய் விக்கிற விலை உங்களுக்கே தெரியும். கடைசியில 40 கிலோ சிப்ஸ் மிஞ்சிக் காறல் வாடை அடிச்சுப் போச்சு. அதை நான் 68,500-ல சேக்கவே இல்லை, அது தனி நஷ்டம்.

திரையில எண்ணு ஏன் அப்படி ஏறிச்சுன்னு கண்டுபிடிச்சது ஆடிட்டர். வித்த கணக்கைக் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 மாசம் 11-ம் தேதிக்குள்ள போடணும்ல, அதுக்கு அந்தத் திரையில இருந்த லிஸ்ட்டைக் கொடுத்தேன். "மக்ளே, இந்த ஆர்டர் நம்பர் மூணு தடவை கிடக்கே?"ன்னார். பாத்தா முக்கால்வாசி ஆர்டரும் அப்படித்தான். ஒரு ஆர்டர் வந்ததும் ஒரு வரி. அதையே பேக் பண்ணினோம்னு மாத்தினா இன்னொரு வரி. அனுப்பினோம்னு மாத்தினா மூணாவது வரி. அவர் பிடிக்கலன்னா விக்காத சரக்குக்கும் நான் வரி கட்டியிருப்பேன்.

என் தங்கச்சி மவன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் விளக்கினான். இந்த மாதிரி பேனல்ல 'சிங்க் மோட்'னு ஒண்ணு இருக்கு. மாறின வரியை எல்லாம் கீழே கீழே சேத்துட்டே போற முறை ஒண்ணு. ஆர்டர் நம்பரைப் 'பிரைமரி கீ'ன்னு சொல்லிக் கொடுத்தா, பழைய வரியை எடுத்துட்டுப் புது வரியை வைக்கிற முறை இன்னொண்ணு. நமக்கு வேண்டியது ரெண்டாவது. அந்தத் தம்பி முதல்ல கண்ணுல பட்டதை விட்டுட்டுப் போயிருக்கான். நேரம் கூட யுடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துலயே கிடந்துச்சு. நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணிக்கூர் முன்னால, அதனால ராத்திரி 12 தாண்டி வந்த ஆர்டர் எல்லாம் முந்தின நாள் கணக்குல. "பெரியம்மா, பச்சை டிக்குன்னா வேலை ஓடி முடிஞ்சதுன்னு மட்டும்தான் அர்த்தம், கணக்கு சரின்னு அர்த்தம் இல்ல"ன்னான். அதைக் கேட்டதும் எனக்கு வந்த வெப்ராளம் இன்னும் அடங்கல.

தப்பா செட் பண்ணினதைக் கூட மன்னிச்சிருப்பேன். பதினஞ்சாவது நாள் எல்லாமே நின்னு போச்சு. ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கு, ஆர்டர் குவியுது, திரையில பழைய எண்ணே நிக்குது. போன் பண்ணினா "சர்வர் மெயின்டனன்ஸ்க்கா". ரெண்டு நாள் கழிச்சு "உங்க வெப்சைட் பக்கம்தான் பிரச்சனை". வெப்சைட்டுக்காரங்ககிட்ட கேட்டா அவங்க பக்கம் ஒண்ணும் இல்லைங்கிறாங்க. அப்புறம் "புகார் டிக்கெட் போட்டிருக்கு". அப்புறம் "உங்க ஊர்ல நெட் ஸ்லோ". எனக்க கடை நெட்டுக்கும் எங்கேயோ இருக்குற சர்வர் ரெண்டு பேசிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் வரும், பதில் வராது. ஓணம் முழுக்க பழைய நோட்டைத் தேடி எடுத்து எழுதினேன்.

தங்கச்சி மவன் விடாம கேட்டு அந்த பேனலுக்குப் பாக்க மட்டும் முடியுற ஒரு லாகின் வாங்கினான். உள்ள போனதுமே மேல எழுதியிருந்துச்சு, 14 நாள் இலவச சோதனைக் காலம் முடிஞ்சதுன்னு. லைசென்ஸே வாங்கல! என்கிட்ட 23,500 வாங்கிட்டு இலவசமா கிடைக்கிறதைக் காட்டியிருக்கானுங்க. அக்கவுன்ட் ஓனர் அவங்க மெயில். பேனல் நடத்துற வெளியூர்க் கம்பெனிக்கு எழுதினா, ஓனர் கேட்டாத்தான் பேசுவோம்னு பதில். எனக்க கடையோட கணக்கு, அதுக்கு நான் ஓனர் இல்ல.

இதைவிட வயித்தைக் கலக்குறது இன்னொண்ணு. எனக்க கஸ்டமர்களோட பேர், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் அந்த டேட்டாபேஸ்ல கிடக்கு. நம்பித் தந்தவங்க அவங்க. நேத்து ராத்திரியே பழைய ஏபிஐ கீயை அழிச்சு, பாஸ்வேர்டை மாத்திட்டோம். இனி புதுசா ஒண்ணும் அங்க போகாது. ஏற்கெனவே போனதை என்ன செய்ய?

யாருக்கும் உதவுமேன்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்பம் மனசு ஓடல. சட்டுன்னு தோணுறதைச் சொல்லிடறேன். அக்கவுன்ட் உங்க மெயில்லதான் திறக்கணும், லைசென்ஸ் பைசா உங்க கையால நேரா அந்தக் கம்பெனிக்குத்தான் போகணும், நடுவுல இருக்குறவன் கையில கொடுக்காதீங்க. வேலை செய்யிறவனுக்குத் தனி லாகின் கொடுங்க, மெயின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க. ஒரு ஆர்டரை ரெண்டு தடவை மாத்திப் பாத்து, ஒரே வரியா நிக்குதான்னு பாத்த பிறகு மட்டும் பைசா கொடுங்க. ஒரு வாரமாவது உங்க நோட்டோட ஒத்துப் பாருங்க.

ஏமாந்தது தெரிஞ்சா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குக் கூப்பிடுறதைத் தள்ளிப் போடாதீங்க, நான் தள்ளிப் போட்டேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. வியாபாரத்துக்கு வாங்கின சேவைக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வழக்கு நிக்காதுன்னு அந்த சாஃப்ட்வேர் ஆபீஸ்ல ஒருத்தர் என்னை மிரட்டினார். சொந்தமா உழைச்சு அதுலயே பிழைக்கிறவங்களுக்கு விலக்கு இருக்குன்னு வக்கீல் சொல்றார். கொட்டேஷன் பேப்பர், யுபிஐ ரசீது ரெண்டும் கையில இருக்கு. வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

நாளைக்குக் காலையில நாகர்கோவில் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போறேன். 68,500 ரூபாய்க்கும் ரசீதோட மனு எழுதி வச்சிருக்கேன். இதே மாதிரி யாராவது வந்து கல்லாப்பெட்டி மேல லேப்டாப் வச்சு உங்களுக்கும் காட்டியிருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கு ராத்திரியே எனக்கு மெசேஜ் போடுங்க, சேந்து போவோம்.