அலமூத் டூர்: ஊருக்கு முழு மார்க், கைடுக்குப் பாதி

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு டிராவல்ஸில் பணம் கட்டி ஈரான் போய் வந்தோம். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சரியாகவே செய்தார்கள்.

டூரில் உருப்படியான நாள் என்றால் அலமூத் மலைக்கோட்டைக்குப் போன நாள்தான். காஸ்வின் நகரிலிருந்து மலைப்பாதை, அதற்கு முன்னால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் சும்மா, அம்மா பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிவிட்டார். காஸர்கான் சின்னக் கிராமம், சுற்றிலும் செர்ரித் தோட்டம், தலைக்கு மேலே செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோட்டை. ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலிகளின் தலைவர் ஹசன் சப்பா 1090இல் பிடித்த கோட்டை இது. மேலே மிச்சம் இருப்பது இடிந்த சுவரும் பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டிகளும்தான்.

என் குறை கைடு மேல். இந்தக் கோட்டைக்காரர்கள் இளைஞர்களுக்குப் போதை கொடுத்து, சொர்க்கம் மாதிரி ஒரு தோட்டத்தில் கண்விழிக்க வைத்து, அப்புறம் கொலைக்கு அனுப்பினார்கள் என்ற மார்க்கோ போலோ கதையை, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவர் போல அளந்தார். 1256இல் மங்கோலியர் கோட்டையை முடித்துவிட்ட பிறகுதான் போலோ பாரசீகம் வந்தார் என்பதைச் சொல்லவே இல்லை. அங்கே பெரிய நூலகம் இருந்ததும், மங்கோலியருடன் வந்த பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு இஸ்மாயிலிகளின் சமயநூல்களை எரித்ததும் எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

சைவம் என்று முன்பே சொல்லியும் ரொட்டியும் தயிரும்தான். முட்டிவலிக்காரர்கள் படிக்கட்டை யோசித்துக்கொள்ளுங்கள். 5க்கு 3.