முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: ஒன்ராறியோ பனியில் எப்படி ஓடுகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய எம்எக்ஸ்-5 பனியில் ஓட்டுவதற்கு மிக நல்ல கார், நான்கு சக்கரத்துக்கும் ஒழுங்கான குளிர்கால டயர் போட்டிருந்தால். கூரையைத் திறக்கக்கூடிய, இரண்டு இருக்கை மட்டும் உள்ள இந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரைத்தான் ரொறன்ரோவில் எல்லோரும் மியாட்டா என்று சொல்வார்கள். "பின்சக்கரம் இழுக்கிற வண்டி, அதுவும் துணிக்கூரை, இதையா ஜனவரியில் வெளியே எடுக்கிறாய்?" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் கோடை டயரோடு பனியில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒரு காரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பனி இந்தக் காரை ஒன்றும் செய்யாது. வீதியில் கொட்டுகிற உப்புதான் இதைத் தின்னும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1989 பெப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்த மாடல் இது. என்னுடையது 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், ஐந்து கியர், பவர் ஸ்டியரிங் இல்லாதது. மொத்த எடை ஒரு டன்னுக்குக் குறைவு, அந்த எடையும் முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது. பனியில் இந்தச் சமநிலைதான் காரைக் காப்பாற்றுகிறது.

சரி, டயர். கோடை டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனதுமே இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் கடும் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும், அதன் மேலுள்ள மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பக்கவாட்டில் மலைச்சின்னமும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருப்பவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கழிவு கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆணி பதித்த டயர் வட ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், நமக்கு அனுமதியில்லை.

அகலமான டயர் போடுகிற ஆசையைக் குளிர்காலத்துக்கு விட்டுவிடுங்கள். காரோடு வந்த அளவு 185/60ஆர்14, இதில் முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம். அகலம் கூடினால் டயர் பனிக்கு மேலே மிதக்கும், ஒடுங்கினால் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். 14 அங்குலத்தில் தெரிவு குறைந்துகொண்டே வருவதால் நான் 175/65ஆர்14 போட்டிருக்கிறேன். உயரம் கிட்டத்தட்ட அதேதான், டொயோட்டா எக்கோ போன்ற சின்னக் கார்களுக்கு வந்த அளவு என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை.

ஓட்டுவதைப் பற்றி எவ்வளவும் சொல்லலாம். கனடாவில் 2011 செப்டெம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் வழுக்கும்போது தானாகத் திருத்துகிற மின்னணுக் கட்டுப்பாடு இருந்தே ஆகவேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்கூட என்னுடையதில் இல்லை. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத இந்தக் கார் வீதியில் நடப்பதை உடனுக்குடன் கைக்குச் சொல்லிவிடுகிறது, முன்சக்கரம் பிடியை இழக்கும் முன்பே ஸ்டியரிங் இலேசாகிவிடும், அந்த இலேசு வந்ததும் காலை எடுத்தால் பிடி திரும்பி வரும். புதிய கார்களில் டாஷ்போர்டில் விளக்கு மின்னிய பிறகுதான் வழுக்கியதே தெரியவரும்.

புறப்படும்போது இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, ஆக்சிலரேட்டரைப் பட்டும் படாமலும் தொடுங்கள். பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்கவே கூடாது. கண்ணைப் போகவேண்டிய பக்கம் வைத்து, ஸ்டியரிங்கையும் அந்தப் பக்கமே திருப்பி, காலை மெல்லத் தளர்த்துங்கள். முன்பின் சக்கரங்களுக்கு இடையில் 226.5 சென்டிமீட்டர்தான், ஆகவே வழுக்கல் சட்டென்று வரும், ஆனால் கார் இலேசானது என்பதால் திருத்தியதும் அதே வேகத்தில் அடங்கும். கியர் இறக்கும்போதும் கவனம் வேண்டும், கிளட்சைத் திடீரென்று விட்டால் எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும், பனிக்கட்டியில் அது கைபிரேக் இழுத்ததற்குச் சமம்.

மேடுதான் இதன் பலவீனம். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷல் சாதாரணமானது என்றால் ஒரு சக்கரம் பனிக்கட்டியில் நின்று சும்மா சுழல, மற்றது பேசாமல் நிற்கும். ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் குளிர்காலத்தில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும். 1994இல் 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்த டோர்சன் வகை இன்னும் நல்லது. டிக்கியில் மண்மூட்டை ஏற்றச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை, காரின் சமநிலை கெட்டுவிடும். பெட்ரோல் டாங்க் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கிறது, அதை நிறைத்து வைத்தாலே போதும்.

இன்னொன்று, அடிப்பக்கத்துக்கும் வீதிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. புதுப்பனி கணுக்காலைத் தாண்டிவிட்டால் கார் பனிக்கு மேலே வயிறு படிந்து நின்றுவிடும். அதைவிட மோசம், ஸ்நோ தள்ளும் வண்டி போன பிறகு டிரைவ்வே வாசலில் குவிந்து கிடக்கும் கட்டி. இரவில் உறைந்ததென்றால் கல்தான், முன்பம்பரை வைத்து அதைத் தள்ளிப் பார்க்காமல் இறங்கி மண்வெட்டியை எடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. எழும்பி நிற்கும் முன்விளக்குகள் உறைபனிமழையில் மூடியபடியே ஒட்டிக்கொள்ளும், ஆகவே மழை வருமுன் உயர்த்தி வையுங்கள், விளக்கை எரியவிடாமல் உயர்த்த உள்ளே தனிச் சுவிட்ச் இருக்கிறது. துணிக்கூரையின் பின்ஜன்னல் பிளாஸ்டிக். குளிரில் மடித்தால் வெடித்துவிடும், சுரண்டியால் தொட்டாலே கீறல், மென்மையான தூரிகை மட்டும் போதும். ஹீட்டர் மட்டும் அருமை, உள்ளே இடம் குறைவு என்பதால் எஞ்சின் சூடானதும் சட்டென்று கதகதப்பாகிவிடும். கழற்றிப் பூட்டும் ஹார்ட்டாப், அதாவது கெட்டியான கூரை, கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இனி உப்பு. இந்தக் காரின் துரு பெரும்பாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தில் தொடங்கும். கூரையிலிருந்து தண்ணீர் வடியும் துளைகள் இலைதழையால் அடைபட, தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியிலிருந்து உப்பும் சேர, உள்ளிருந்தே அரித்துவிடும். கண்ணுக்குத் தெரியும்போது பாதி போய்விட்டிருக்கும். அந்தத் துளைகளை இலையுதிர்காலத்தில் சுத்தம் செய்துவிட்டு அடிப்பக்கம் முழுக்கத் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கச் செய்யுங்கள், ஒவ்வொரு வருடமும். குளிர் சற்றுக் குறையும் நாட்களில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உப்பு ஒட்டிய ஈரக் காரைச் சூடான கராஜில் விடாதீர்கள், வெளியே உறைந்து நிற்பதைவிட உள்ளே சூட்டில்தான் துரு வேகமாகப் பிடிக்கும்.

பழைய காரை இப்படி உப்பில் இறக்குவது பாவமில்லையா என்று சிலர் உண்மையான வருத்தத்தோடு கேட்கிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் முதல் தலைமுறையில் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். துரு தொடாத, எல்லாம் மூலத்தில் இருந்தபடியே உள்ள ஒன்று உங்களிடம் இருந்தால் தயவுசெய்து ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை அதை உள்ளேயே வைத்திருங்கள். பனிக்கு ஏற்றது பெயின்ட் மங்கிய, எஞ்சின் நன்றாக இருக்கிற, ஏற்கனவே நிறைய ஓடிய கார்.

30 வருடம் தாண்டிய கார் என்று ஒன்ராறியோவில் பழைய கார்களுக்கான ஹிஸ்டொரிக் இலக்கப் பிளேட் எடுத்திருந்தால் அதில் தினசரி ஓட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியான விஷயங்களுக்குத்தான். சாதாரண பிளேட் வேண்டும். சேகரிப்புக் கார்களுக்கான மலிவுக் காப்புறுதியிலும் பெரும்பாலும் தினசரி ஓட்டம் சேராது, பத்திரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வழுக்கிப் பழக ஆசையென்றால் கடைகளின் பார்க்கிங்கில் வேண்டாம், பொலிஸ் பிடித்தால் லைசென்ஸும் காரும் அந்த இடத்திலேயே போகும். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மிண்டன் என்ற ஊரில் குளிர்காலத்தில் பனிக்கட்டித் தடத்தில் ஓட்டப்போட்டிகள் நடக்கும், ஆணியில்லாத டயர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஒரு நாள் போய் நின்று பாருங்கள், பின்சக்கர வண்டிகளை எப்படி வளைக்கிறார்கள் என்று கிட்ட நின்று பார்ப்பதே பெரிய பாடம்.