யாளிக்கு ஐந்து லட்சம் என்றான், என் 38,600 ரூபாயைக் கொண்டுபோனான்

படம் வாங்குவதாக இணையத்தில் வந்த ஒருவனிடம் நான் ஏமாந்த கதை இது. முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். 38,600 ரூபாய். மூன்று நாளில், மூன்று தவணையாக, என் கையாலேயே பின் நம்பர் போட்டு அனுப்பினேன். திரையோடு வரும் டிராயிங் டேப்லெட் வாங்க ஒன்றரை வருஷமாகச் சேர்த்த காசு அது. பள்ளிக்கூட கைடுகளுக்குத் தவளையின் இதயம், செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம் என்று வரைந்து கொடுத்து, படத்துக்கு 150, 200 என்று வாங்கியது.

பகலில் தவளை. ராத்திரியில்தான் எனக்குப் பிடித்தவை: பூதம், யாளி, மூன்று வாய் முதலை, பனைமரத்தில் தலைகீழாகத் தொங்கும் எதுவோ ஒன்று. இணையத்தில் இதற்கென்றே சவால்கள் உண்டு. பெரியது இங்க்டோபர். ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் மையால் வரையும் பழக்கத்தைக் கூர்மையாக்கிக்கொள்ளத் தொடங்கியது; அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு சொல், 31 நாளுக்கு 31 படம். மே மாதம் கடற்கன்னிகள், ஆகஸ்டில் டிராகன்கள். இவை தவிர, யார் யாரோ நடத்தும் அரக்கர் சவால்கள் வேறு. பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. ஹேஷ்டேக் போட்டுப் படத்தை ஏற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு சவாலில் ஒருநாள் 'தொண்டை' என்று சொல் வந்தது. எனக்கு உடனே கல் யாளி நினைவுக்கு வந்தது. நம் தென்மாவட்டக் கோவில்கள் சிலவற்றில் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை கிடக்கும், பார்த்திருப்பீர்கள். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பல்லுக்கு உள்ளேயே குடைந்து அதே கல்லில் செதுக்கியது. சின்ன வயதில் அப்பா தூக்கிப் பிடிக்க, நான் உருட்டியிருக்கிறேன். அந்த உருண்டையை நிலாவாக்கினேன். யாளி நிலாவை விழுங்கப் பார்க்கிறது, அது தொண்டையில் மாட்டிக்கொண்டது. பிடரிச் சுருள் ஒவ்வொன்றையும் மெல்லிய மைக்ரான் பேனாவால் இழுத்து, வானத்துக்கு இந்தியன் இங்க்கைப் பிரஷ்ஷால் அப்பி, மொத்தம் பதினோரு மணி நேரம். வந்தது 43 லைக்.

மறுநாள் காலை அந்தச் செய்தி. ஆங்கிலத்தில், நார்வேயிலிருந்து எழுதுவதாகச் சொன்னான். "உங்கள் விலங்கால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதன் கண்ணில் அந்தத் தவிப்பு இருக்கிறது. என் மகளும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்."

நான் விழுந்தது இங்கேதான். ஐந்து லட்சம் பேச்செல்லாம் பிறகு வந்தது. இத்தனை வருஷத்தில் என் படத்துக்குக் கிடைத்த நீளமான விமர்சனம், "ராத்திரியில எந்திரிச்சா பயமா இருக்கு, ஹால்ல மாட்டாதடி" என்று அம்மா சொன்னதுதான். முன்பின் தெரியாத ஒருவன் யாளியின் கண்ணைப் பார்த்திருக்கிறான் என்றதும், அன்றைக்குத் தவளைக்கு இதயம் வரையும்போதுகூடப் பாட்டு வந்தது.

ஆறு படங்களை என்எஃப்டியாக, அதாவது டிஜிட்டல் படத்துக்கு உரிமைச் சீட்டு மாதிரி இணையத்தில் பதியும் டோக்கனாக வாங்குகிறேன், படத்துக்கு 0.4 ஈதர் என்றான். ஈதர் என்பது ஒரு கிரிப்டோ நாணயம். கணக்குப் போட்டால் ஐந்து லட்சத்தை ஒட்டி வந்தது. என்எஃப்டி எல்லாம் வேண்டாம், அச்சுப் பிரதி அனுப்புகிறேன் என்று நான் சொல்லத்தான் செய்தேன். "நான் டிஜிட்டலாக மட்டும்தான் சேகரிக்கிறேன், உங்களுக்குச் சிரமம் என்றால் விட்டுவிடலாம்" என்று பின்வாங்கினான். வற்புறுத்தவே இல்லை. பின்வாங்கினவனை நானே கூப்பிட்டேன். இதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

அவன் அனுப்பியது படம் விற்கும் ஒரு இணையச் சந்தையின் முகவரி. பெயரைச் சொல்லப் போவதில்லை; நாளைக்கு வேறு பெயரில் திறப்பார்கள். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. உள்ளே போனால் வரிசையாக அரக்கர்கள். அதில் ஒன்று எனக்குத் தெரிந்த படம். என்னோடு அதே சவாலில் வரையும் போலந்துப் பெண்ணின் பாசி மூடிய ராட்சசன், 2.1 ஈதருக்கு விற்றுவிட்டதாகப் போட்டிருந்தது. அடடா, இவளும் இங்கே இருக்கிறாளே என்று தெரு முனையில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி நிம்மதி. அவளிடம் ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பணம் போன பிறகு கேட்டேன். அப்படி ஒரு தளத்தைக் கேள்விப்பட்டதே இல்லை, படத்தைத் திருடியிருக்கிறார்கள் என்று சொல்லி என்னைவிட அதிகமாகக் கொதித்தாள்.

சரி, பணம் போன வழி. ஆறு படத்தையும் என்எஃப்டியாகப் பதிந்து ஏற்றுவதற்கான 'கேஸ் கட்டணம்' 9,200 ரூபாய். ஈதராகக் கட்டத் தெரியாது என்றதும், 'ஏஜென்ட்' என்று ஒரு யுபிஐ எண் கொடுத்தார்கள். அதைப் போட்டால் திரையில் வந்த பெயர் வடநாட்டுப் பக்கத்துத் தனிநபர் பெயர். ஒரு நிமிடம் கை நின்றது. பிறகு அழுத்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆறு படமும் விற்றுத் தீர்ந்தன. என் பக்கத்தில் 2.4 ஈதர் என்று இருப்பு பச்சை நிறத்தில் மின்னியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எடுக்கப் போனால் 'வாலட் சரிபார்ப்பு', அதாவது ஈதர் இருக்கும் டிஜிட்டல் பர்ஸைச் சரிபார்க்க, 11,400. திரும்பக் கிடைக்கும் தொகை என்றார்கள். கட்டினேன். அடுத்த நாள் 'பணம் எடுக்கும் கட்டணம்' 18,000. அந்த நார்வேக்காரனிடமே முறையிட்டேன். "எனக்கும் முதல்முறை இப்படித்தான் இருந்தது, பாதியைக் கடனாகத் தரட்டுமா?" என்று கேட்டான். கடன் தருகிறேன் என்பவன் ஏமாற்றுவானா என்று தோன்றியது. நானே கட்டினேன். ஆக 38,600.

நாலாவதாக வந்தது 'வரிப் பிடித்தம்'. மொத்தத் தொகையில் 30 சதவீதம், ஒன்றரை லட்சத்துக்கும் மேல், முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். கிரிப்டோ, என்எஃப்டி ஆதாயத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் 30 சதவீத வரி இருப்பது நிஜம், அதனால் அந்த ரசீதும் நிஜம்போலவே தெரிந்தது. நகையை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் சித்தப்பா பையனுக்கு போன் போட்டதால் தப்பித்தேன்.

"அக்கா, பிடித்தம்னா என்ன? உனக்கு வர்றதுல பிடிச்சுக்கிட்டு மீதிய தர்றது. வருமான வரியை வருமான வரித்துறைக்குத்தான் கட்டணும். அவன்கிட்ட எதுக்குக் கட்டுற?"

அவன் கேட்ட பிறகு யாருக்கும் விளங்கும். அந்தப் பச்சை எழுத்து 2.4 ஈதர் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. யாளி வாய்க் கல்தான். உருட்டிப் பார்க்கலாம்.

பிறகு நடந்தது தனிக் கூத்து. தளத்தின் உதவி அரட்டையில் "மதிப்புக்குரிய கலைஞரே, உங்கள் புகார் உயர்மட்டக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரே வரி நாலு நாள் வந்தது. இன்னும் ஏதாவது வழி இருக்கும் என்று நம்பி அந்த நாலு நாளையும் வீணாக்கினேன். ஐந்தாம் நாள் அரட்டைப் பெட்டியே இல்லை. நார்வேக்காரன் கணக்கும் இல்லை.

வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம், எங்க கையில ஒண்ணும் இல்ல, 1930க்கு போன் பண்ணுங்க" என்றார்கள். இணையப் பண மோசடிக்கான அந்த உதவி எண்ணில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், ஆனால் "இவ்வளவு லேட்டா சொல்றீங்களே" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணம் வேறெங்கோ தாவியிருந்தது. ஸ்டேஷனில் இருந்தவர் என் யாளியைப் போனில் பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பேய்ப் படத்துக்கு ஒருத்தன் அஞ்சு லட்சம் தர்றான்னா நீ யோசிக்க வேணாமா?" 38,600 ரூபாய் போனதைவிட அந்தக் கேள்விதான் அதிகம் சுட்டது. படம் நன்றாகத்தான் சார் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதே சவாலில் வரையும் கொச்சித் தோழிக்கும் இதே நார்வே, இதே மகள், இதே கடிதம் வந்திருக்கிறது. அவளுடையது எட்டுக் கால் எருமை. "உங்கள் விலங்கால் ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை." ஹேஷ்டேக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வீடுவீடாகப் போவதுபோல் போயிருக்கிறான். யாளியின் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தை வாங்குகிறவன்தான் காசு தர வேண்டும், வரைந்தவரிடம் எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐயில் நிறுவனம் என்று சொல்லி ஆள் பெயர் வந்தால் அழுத்தாதீர்கள். தளத்தில் தெரிந்தவர் படம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். போய்விட்டதா, வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930, அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். அரட்டை, ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் எடுப்பதற்குள் பாதி காணாமல் போயிருந்தது.

நேற்று ராத்திரி என் பக்கத்தில் இதை இரண்டு வரியில் போட்டிருந்தேன். இருபது நிமிடத்தில் ஒருவன் வந்துவிட்டான். இழந்த கிரிப்டோவை மீட்டுத் தரும் நிபுணனாம், முன்பணம் 5,000 மட்டும் போதுமாம். அவனுக்கும் என் யாளி ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.