‘புதிய ஆனுவல்’ விளம்பரத்தை நம்பிப் பழைய செஸ்னா வாங்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் எடுத்து, வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கப் பழைய செஸ்னா 172 என்ற நான்கு சீட் சிறு விமானம் தேடுகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு ஃபுளோரிடாவில் ஒரு விமானத்தை வாங்கி ஏமாந்தது. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் கையாண்ட வழிகள் எந்த ஊர் ஹேங்கரிலும் (விமானக் கொட்டகையிலும்) நடப்பவை என்பதால் அவற்றை மட்டும் விவரமாகச் சொல்கிறோம்.

விளம்பரம் இது: 1978 செஸ்னா 172 என், ஓவர்ஹாலுக்குப் பின் 380 மணி, புது பெயின்ட், புது சீட் கவர், புதிய ஆனுவல் (வருடாந்தரச் சோதனை), ஏற்றக்கூடிய சுமை 862 பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு காகிதம் ஆதாரமாகக் காட்ட முடியும். அதுதான் ஆபத்து. அப்பட்டமான பொய்யாக இருந்தால் வழக்காவது போடலாம்.

முதலில் அந்த 380 மணி. என்ஜினை முழுதாகப் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து, தேவையானதை மாற்றி, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் விதிப்படி அதை ஓவர்ஹால் என்று லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) எழுதலாம். சிலிண்டர்களை மட்டும் கழற்றி மாற்றுவதை ‘டாப் ஓவர்ஹால்’ என்பார்கள். அதில் கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு), கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு), பேரிங் எதிலும் யாரும் கைவைப்பதில்லை. இந்த விமானத்தில் 380 மணிக்கு முன் நடந்தது டாப் ஓவர்ஹால்தான். கீழ்ப்பாகம் முழு ஓவர்ஹாலுக்குப் பின் 1,790 மணி ஓடியிருந்தது. அந்த ஓவர்ஹாலும் 1994-ல் நடந்தது. என்ஜினைத் தயாரித்த லைகாமிங் நிறுவனம் இதற்குச் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. சொந்த உபயோக விமானத்துக்கு அந்தக் கெடு சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் விலை பேசும்போது அதுதான் கணக்கு. விற்றவர் கடைசி என்ஜின் லாக்புக்கை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். 1994 பதிவு அதற்கு முந்தைய புத்தகத்தில் இருந்தது. ‘எல்லா லாக்புக்கும் முதல் பக்கத்திலிருந்து வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே வெளியே வந்திருக்கும்.

மணிக்கணக்கை விடப் பெரிய பிரச்சினை, அந்த விமானம் சும்மா நின்றதுதான். கடைசி ஐந்து ஆண்டில் மொத்தமே 60 மணி சொச்சம்தான் பறந்திருந்தது, அதுவும் கடலோர விமான நிலையத்தில் திறந்தவெளியில் நின்றபடி. விற்பவர்கள் இதை ‘குறைவாக ஓடிய வண்டி’ என்று புகழ்வார்கள். லைகாமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் நின்றதும் அதன்மேல் இருக்கும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். வாரக்கணக்கில் நின்றால் ஈரக்காற்று பட்டு கேம் முகட்டில் துரு ஊசிமுனையாகப் பிடிக்கும். பிறகு என்ஜினை ஓட்டும்போது டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சிறு உருளை) அந்த இடத்தைச் சுரண்டி, இரும்புச் செதில் உதிர ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை பறக்கும் 1,500 மணி விமானம், மாதக்கணக்கில் தூங்கும் 400 மணி விமானத்தைவிட எவ்வளவோ மேல். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது சும்மா நிற்பதைவிடக் கெடுதல். உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகும் அளவுக்கு எண்ணெய் சூடாவதில்லை.

172 என் மாடலில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். 1977 முதல் 1980 வரை வந்த இந்த மாடலில் இருப்பது ஓ-320-எச்2ஏடி என்ற 160 குதிரைச் சக்தி என்ஜின். ஆரம்பத்திலிருந்தே கேம், டாப்பெட் தேய்மானத்துக்குப் பெயர்போனது. எண்ணெயில் எல்.டபிள்யூ. 16702 என்ற சேர்மானம் இருக்கவேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) உத்தரவே உண்டு. ஏரோஷெல் 15டபிள்யூ-50 எண்ணெயில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. அது கலக்காத எண்ணெய் என்றால் தனியாக ஊற்றி லாக்புக்கில் எழுதவேண்டும். இந்த என்ஜினில் ஒரு நல்ல வசதியும் உண்டு. பெரும்பாலான லைகாமிங்குகளில் டாப்பெட்டை எடுக்க என்ஜின் கூட்டையே பிளக்கவேண்டும். இதில் கூட்டைப் பிளக்காமலே டாப்பெட்டை உருவி, கேமில் உரசும் முகத்தைக் கண்ணால் பார்க்கலாம். வாங்குமுன் அதைச் செய்யச் சொல்லாமல் விட்டதுதான் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் முதல் எண்ணெய் மாற்றத்தில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்தபோது காந்தத்தில் ஒட்டும் செதில்கள் வந்தன. என்ஜின் இறங்கியது. பல பத்தாயிரம் டாலர் செலவு. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்த விற்பனையாளர் அதற்குப்பின் போனை எடுக்கவில்லை.

இவ்வளவும் இருக்க, ஆனுவல் எப்படித் தேறியது என்று கேட்பீர்கள். ஆனுவல் என்பது 12 மாதத்துக்கு ஒருமுறை சட்டம் கேட்கும் சோதனை. ஐ.ஏ. (சோதித்து ஒப்புதல் தரும்) அதிகாரம் உள்ள மெக்கானிக், அன்றைய தேதியில் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடுவார், அவ்வளவே. டாப்பெட்டை உருவிப் பார்க்கவேண்டும் என்று அதில் இல்லை. சிலிண்டர் கம்ப்ரெஷன் பார்ப்பது உண்டு: 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று அளப்பார்கள். இங்கே நான்கு சிலிண்டரும் 75-க்கு மேல். சிலிண்டர் புதிது, நிற்காமல் என்ன செய்யும்? கம்ப்ரெஷன் எண்ணுக்கும் கேமின் நிலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூடவே, ஆனுவல் செய்தவர் விற்பவரின் ஹேங்கரிலேயே வேலை பார்ப்பவர். சம்பளம் கொடுப்பவரின் விமானத்தில் அவர் எதைத் தேடுவார், எதை விடுவார் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது எடை. இதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் இது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. 172 என் மாடலின் உச்ச எடை 2,300 பவுண்டு. 862 பவுண்டு ஏற்றலாம் என்று காட்டிய தாள் பழைய தொழிற்சாலை எடையில் காகிதக் கணக்காகக் கூட்டிக் கழித்தது. அதற்குப்பின் பெயின்ட் மேல் பெயின்ட், ரேடியோ, கனமான சீட் மெத்தை எல்லாம் ஏறின; எதுவும் எடைத் தாளில் ஏறவில்லை. தராசில் நிறுத்தியபோது வெற்று எடை 1,510. ஆக ஏற்றக்கூடியது 790 பவுண்டுதான்.

இதன் பொருளைப் பாருங்கள். அப்பா 190, அம்மா 150, மகன் 140, மகள் 85: மொத்தம் 565 பவுண்டு. பயன்படும் பெட்ரோல் 40 கேலன். அவ்கேஸ் (விமான பெட்ரோல்) கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 240. பழைய தாள்படி இன்னும் 57 பவுண்டு பெட்டி ஏற்றலாம். அவர்களும் அப்படித்தான் ஏற்றினார்கள். உண்மையில் அந்தப் பயணங்களில் விமானம் உச்ச எடைக்கு 72 பவுண்டு மேலே இருந்தது. சட்டப்படி பறக்க 12 கேலனை விட்டுவிட்டு 28 கேலனோடு கிளம்பவேண்டும். மணிக்கு 8.5 கேலன் குடிக்கும் என்ஜினில், பகல் பறப்புக்கான 30 நிமிட இருப்பு போக, நான்கு மணிக்கு மேல் இருந்த பறப்பு இரண்டே முக்கால் மணியாகச் சுருங்கும். குடும்பச் சுற்றுலாவுக்கு எந்த ஊர் எட்டும், எங்கே இறங்கிப் பெட்ரோல் போடவேண்டும் என்ற திட்டமே மாறிவிடுகிறது.

வெயிலும் உயரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கிராண்ட் கேன்யன் விமான நிலையம் 6,609 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் அங்கே காற்று ஏறத்தாழ 10,000 அடிக்குரிய அடர்த்தியில்தான் இருக்கும். டர்போ இல்லாத 160 குதிரை என்ஜின் அந்தக் காற்றில் கூடுதல் 72 பவுண்டையும் தூக்கிக்கொண்டு ஏற முயலும். நான்கு சீட் இருப்பதால் நான்கு பேரும் பெட்டியும் முழு டாங்கும் ஏறும் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் தாளை மூடிவைத்துவிட்டுத் தராசைக் கேளுங்கள். 180 குதிரை என்ஜினும் 2,550 பவுண்டு உச்ச எடையும் உள்ள மாற்றம் செய்யப்பட்ட விமானங்கள் உண்டு. அதற்கான எஸ்.டி.சி. காகிதமும் (மாற்றத்துக்கு எஃப்.ஏ.ஏ. தரும் அனுமதி) 337 படிவமும் (பெரிய பழுதையும் மாற்றத்தையும் பதியும் படிவம்) கையில் இருந்தால் மட்டும் நம்பலாம்.

புது பெயின்ட் அடித்தபின் ஏலரான், எலிவேட்டர் (இறக்கையிலும் வாலிலும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் அசையும் பலகைகள்) ஆகியவற்றின் சமநிலையைச் சோதித்து லாக்புக்கில் எழுதவேண்டும். பெயின்ட் எடையால் அவை பின்பாரமானால் வேகத்தில் அதிர ஆரம்பிக்கலாம். இந்த விமானத்தில் அப்படிப் பதிவே இல்லை. புது சீட் கவருக்குக் கீழே, சீட் நகரும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்திருந்தன. தேய்ந்த துளையில் பூட்டு முள் சரியாக இறங்காது. கிளம்பும் நேரத்தில் விமானியின் சீட் பின்னால் வழுக்கினால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவரும் பின்னால் போவார், மூக்கு மேலே எழும். இதற்காகவே 2011-10-09 என்ற எஃப்.ஏ.ஏ. உத்தரவு 100 மணிக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை சோதனை கேட்கிறது.

மஃப்ளரையும் (என்ஜின் புகைக்குழாயின் ஒலி குறைப்பான்) விடாதீர்கள். கேபின் சூடாக்கும் காற்று மஃப்ளரைச் சுற்றித்தான் வருகிறது. அதில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். 2019 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபுவில் பயணித்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின்) 58 சதவீதம் இருந்தது. நிறம் மாறும் அட்டை போதாது, ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி வாங்குங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குவது களைப்பாலா வாயுவாலா என்று முன் சீட்டிலிருந்து தெரியாது.

இனி, வாங்கும் முறை. விமானத்துக்கும் வில்லங்கம் பார்க்கவேண்டும். பதிவேடுகள் ஓக்லஹோமா சிட்டியில் எஃப்.ஏ.ஏ. வசம் இருக்கின்றன. சிறு கட்டணத்துக்கு அந்த விமானத்தின் முழுக் கோப்பும் கிடைக்கும்: யார் யார் கைமாறியது, வங்கிக் கடன் தீர்ந்ததா, எந்தப் பெரிய பழுதுக்கு 337 படிவம் போட்டார்கள் என்று எல்லாம் அதில் தெரியும். விபத்துப் பதிவை என்.டி.எஸ்.பி. (விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பு) தளத்தில் வால் எண்ணை, அதாவது பதிவெண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். இறக்கை மாற்றிய 337 இருந்தும் லாக்புக்கில் ‘சேதமே இல்லை’ என்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

முன்பணத்தை விற்பவர் கணக்கில் போடாமல் எஸ்க்ரோவில் (நடுநிலையான மூன்றாம் தரப்பின் கணக்கில்) வையுங்கள். சோதனையில் பிடிக்காவிட்டால் முழுதும் திரும்பும் என்று எழுத்தில் இருக்கட்டும். பறக்கத் தகுதியைப் பாதிக்கும் குறை கண்டால் செலவு விற்பவருடையது, மற்றவை பேசித் தீர்ப்பது என்றும் எழுதுங்கள்.

சோதிக்கும் மெக்கானிக், அந்த விமானத்தில் இதுவரை கைவைக்காதவராக இருக்கவேண்டும். 172 பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் வேறு விமான நிலையத்துக்கு விமானத்தை வரவழையுங்கள். பெட்ரோல் செலவை நீங்கள் கொடுத்தாலும் லாபம்தான். அவரிடம் ‘ஆனுவல் செய்யுங்கள்’ என்று தொடங்காதீர்கள். ஆனுவலாகத் தொடங்கிக் குறை கண்டால் அது முறைப்படி பட்டியலாகி, விமானம் விற்பவருடையதாக இருக்கும்போதே தரையில் முடங்கும். அதைக் காட்டிப் பல விற்பனையாளர்கள் சோதனைக்கே மறுப்பார்கள். வாங்குமுன் சோதனையாகத் தொடங்குங்கள். எல்லாம் சரியென்றால் அதையே ஆனுவலாக நீட்டி முடிக்கலாம்.

வேலை வரிசையும் முக்கியம். பேரத்தை முறிக்கக்கூடியதை முதலில் பார்க்கவேண்டும்: லாக்புக், எண்ணெய் ஃபில்டரை வெட்டுவது, டாப்பெட்டை உருவுவது, போரோஸ்கோப்பில் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) வால்வு. அடுத்து இறக்கை, வால்பகுதி, தரைத்தட்டு ஆகியவற்றின் திறப்புகளில் துரு. மூக்குச் சக்கரம் பலமாக மோதியிருந்தால் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) சுருக்கம் தெரியும். ப்ரொப்பெல்லர் எப்போதாவது தரையில் இடித்திருந்தால் அதற்குப்பின் என்ஜினைச் சோதித்தார்களா என்று பதிவைக் கேளுங்கள். டாக்கோமீட்டர் (என்ஜின் ஓடிய மணியைக் காட்டும் கருவி) மாற்றப்பட்டிருந்தால் பழைய மணி எவ்வளவு என்று எழுதியிருக்கவேண்டும்; எழுதாவிட்டால் மொத்த மணி வெறும் ஊகம்தான். ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் கடைசியில் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள், அடுத்த குடும்பப் பயணத்துக்கு முன் விமானத்தைத் தராசில் நிறுத்திப் புது எடைத் தாள் எழுதி வாங்குங்கள். எண்ணெயை 25 மணியிலேயே மாற்றி, ஃபில்டரை வெட்டி, எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புங்கள். இரும்பின் அளவு ஒரு தடவை கூடினால் அடுத்ததையும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் செதில் வந்தால் மெக்கானிக் பார்க்கும்வரை விமானத்தைக் கிளப்பாதீர்கள். விளம்பரம், மின்னஞ்சல், ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விமானத்துறை வழக்கறிஞரிடம் போங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி இருந்தாலும், தெரிந்தே தவறாக எழுதிக் கொடுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் பேச இடமுண்டு.