ஹால்சியான் மெஷின்: தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு எப்படி?

நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களுக்குக் கரண்ட் வைக்கும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தரும், வளைய வடிவ மெஷின்களில் ஒன்று ஹால்சியான். வேரியன் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. பெரும்பாலான தலை-கழுத்து நோயாளிகளுக்கு இது தாராளமாகப் போதும் என்பதே எங்கள் முடிவு. ஆனால் தலையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் மாஸ்க் போடுவதில் அசட்டை காட்டினால், அதைப் பிறகு சரிக்கட்ட இந்த மெஷினில் வழி குறைவு.

முதலில் ஒரு விஷயம். எச்சில் சுரப்பியைக் காப்பாற்றுவது மெஷினின் பெயர் அல்ல, கதிரின் வலிமையை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை. பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஓராண்டு முடிவில் தொந்தரவு தரும் அளவுக்கு வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். ஐ.எம்.ஆர்.டி.யையும், மெஷின் சுற்றிக்கொண்டே கதிர் தரும் வீமேட் முறையையும் இன்றைய நல்ல லீனாக் (கதிர்வீச்சு மெஷின்) எதுவும் செய்யும்.

ஹால்சியானில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, தினமும் படம் எடுக்காமல் கதிரை ஆன் செய்யவே முடியாது என்பது. கூட்டம் அதிகம், இன்று படம் வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படுக்கையிலேயே எடுக்கும் இந்த கோன் பீம் சி.டி. ஸ்கேன் சுமார் 17 விநாடியில் முடிகிறது. ஹைப்பர்சைட் என்ற புதிய பட வசதி பொருத்திய மெஷினில் 6 விநாடிதான். வழக்கமான 70 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு), 35 சிட்டிங், 7 வாரச் சிகிச்சையில் கட்டியைச் சுற்றி விடும் ஓரம் 3 முதல் 5 மி.மீ. மட்டுமே. அதைத் தாண்டியதும் டோஸ் செங்குத்தாக இறங்குகிறது. பரோடிட் என்ற எச்சில் சுரப்பியின் சராசரி டோஸை 26 கிரேக்குள் நிறுத்துவதும், தண்டுவடத்தை 45 கிரேக்குள் வைப்பதும் அந்த இறக்கத்தை நம்பித்தான். நோயாளி இளைத்துவிட்டால் தோலுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி படத்தில் தெரியும். அது நாளுக்கு நாள் அகன்றாலோ, எடை 10 சதவீதம் குறைந்தாலோ புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான் போட வேண்டும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் இந்தத் தேவை வரும்.

அடுத்து வேகம். சாதாரண லீனாக் நிமிடத்துக்கு ஒரு சுற்று. இது 4 சுற்று வரை போகும். கதிருக்கு வடிவம் தரும் உலோகத் தகடுகள், அதாவது இலைகள், இரண்டு அடுக்காக அரை இலை தள்ளி அமைந்திருப்பதால் கதிர்க்கசிவு மிகக் குறைவு. இரண்டு மூன்று ஆர்க் (கதிர் தரும் சுற்று) உள்ள பிளானில் கதிர் நேரம் சில நிமிடங்கள்தான். கெட்டிச் சளியோடு, எச்சிலை விழுங்க முடியாமல், முகத்தை இறுக்கிப் பிடித்த மாஸ்க்குக்குள் மல்லாந்து கிடப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பெரிது.

இனி குறை. படுக்கை மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என்று மூன்று திசையில்தான் நகரும், சாய்வைத் திருத்தாது. தாடை கொஞ்சம் தூக்கியிருந்தால், அன்றைய படத்தில் மண்டை ஓடு பிளான் ஸ்கேனுக்குப் பொருந்தும், கீழ்க்கழுத்து எலும்பு பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் வைத்து ஒப்பேற்றக் கூடாது. நோயாளியை எழுப்பி, தலையணையையும் தோளையும் சரிசெய்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். சாய்வையும் திருத்தும் ஆறு திசைப் படுக்கை உள்ள மெஷினில் இந்த வேலை மிச்சம்.

அதனால் மாஸ்க்கைத் தோள்வரை வரும் ஐந்து பிடி மாஸ்க்காகவே போடுங்கள். தாடி, முடியை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், பல்செட்டைக் கழற்ற வேண்டும். வாய்க்குள் கட்டை வைப்பதானால் அதை வைத்த பிறகே மாஸ்க். பிடரிக்கும் தலையணைக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. மாஸ்க்காகப் படிய வைக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, ஈரத்தை ஒற்றி, இரண்டு பேர் இருபுறமும் ஒரே சீராக இழுத்து, மூக்குத்தண்டிலும் தாடையிலும் அழுத்திப் படிய வைக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் ஆறட்டும். சூட்டோடு கழற்றினால் பிளாஸ்டிக் சுருங்கி மறுநாள் முகத்தில் ஏறாது.

ஆழம் போகாத எலக்ட்ரான் கதிர் இதில் இல்லை, 6 எம்.வி. (மெகாவோல்ட்) எக்ஸ்-ரே மட்டும்தான். தோலோடு ஒட்டிய கட்டிக்கு எலக்ட்ரான் தேவைப்பட்டால் வேறு மெஷினுக்குத்தான் போக வேண்டும். படுக்கை திரும்பாது, கதிரை வேறு கோணங்களில் செலுத்த முடியாது என்பதால், பார்வை நரம்பை ஒட்டிய இடத்தில் இரண்டாம் முறை கதிர் தருவதற்கும் இதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சேருமுன் கேட்க வேண்டியவை: பல் பிடுங்க வேண்டியிருந்தால், தொடங்கக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிக்கச் சொல்கிறார்களா? படப் பொருத்தத்தை டாக்டர் எப்போதெல்லாம் பார்க்கிறார்? முக்கியமாக, மெஷின் பழுதானால் என்ன ஏற்பாடு? இந்தப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. ஹால்சியான்களின் கதிர் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. இன்னொரு ஹால்சியான் இருந்தால் பிளானை அங்கே மாற்றுவது எளிது. வேறு வகை மெஷின்தான் உண்டென்றால் புது பிளான் வேண்டும். விட்ட சிட்டிங்கைச் சனிக்கிழமையிலோ, 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டாகவோ ஈடுகட்டுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.